சுட்ட கல்

புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பார்கள் எங்கள் ஆட்கள். நான் சொல்லிவிடுகிறேன்: மர்ஸூக். பதுளைக் கடைத்தெருவில் கல் வாங்கி விற்கிற மர்ஸூக். பேரைப் பற்றின கதையில் பேரை விழுங்கிக்கொண்டு பேச எனக்கு வராது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அந்தக் கல்லை வந்த மேனிக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார், எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும்.

ரயில் பாதை இன்னும் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் சிங்கராயர் கான் வெட்டுகிற ஆள். மழைத் தண்ணீர் தேயிலையின் வேரை அரித்துக்கொண்டு போகாதபடி மலைச்சரிவில் வெட்டிவிடும் வாய்க்காலைத்தான் கான் என்பார்கள். வெட்டும்போது நிறமுள்ள கல் ஏதும் அகப்பட்டால் மடியில் முடிந்துகொண்டு வந்து மர்ஸூக்கிடம் கொடுப்பார். கூடவே பெண்சாதி இருதயம்மாவும் வருவாள். ஆண்கள் முன்கடையில் பேசிக்கொண்டிருக்க, அவள் பின்வாசல் வழியாக என் அடுப்படிக்கு வந்துவிடுவாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் கறிவேப்பிலை உருவித் தருவாள். நான் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி கொடுப்பேன். எங்கள் ஆட்கள் அண்ணனைச் சொல்வது போல இருவரும் அவரை நானா என்பார்கள். என்னை அவள் ராத்தா என்று கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. ஐப்பசி மழை. தோட்டத்துச் சின்னக் கோவிலுக்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். அவர் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் ஞானஸ்நானம், அன்றைக்குத்தான் பேர். இருதயம்மா பேரை முடிவு செய்து வைத்திருந்தாள்: ஆரோக்கியம். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. ஆனால் ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றும் முன் கூப்பிட்டால் கண்பட்டுவிடும் என்று லயத்து வரிசை வீடுகளில் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். மழையில் பாதை உடைந்து சாமியார் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, இரண்டே நாளில் போய்விட்டது.

தண்ணீர் ஊற்றாத பிள்ளையைக் கல்லறை வேலிக்கு உள்ளே வைக்க முடியாது, குருசும் நட முடியாது என்றார் சாமியார் இல்லாத நாளில் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மத்தேயு. வேலிக்கு வெளியே, ஓடைக் கரையில் புதைத்தார்கள். மழையில் மேடு கரைந்து இடம் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று சிங்கராயர் தான் கான் வெட்டும்போது கிடைத்த ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து தலைமாட்டில் பதித்தார். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும், ஆனால் சதுரமாக, இரும்புக் குண்டு மாதிரிக் கனக்கும். நிறம் இல்லாததால் மர்ஸூக் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த கல் அது.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் உபதேசியார் சொன்னாராம்: "சாகக் கெடக்கிற புள்ளைக்கு யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்திப் பேர் சொல்லலாமே. நீயே ஊத்தியிருக்கலாமே, இருதயம்." இதை அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தெரிந்தவர்கள் எல்லாம் இப்படித்தான். காரியம் கெடும்வரை வாயில் கொழுக்கட்டை, கெட்ட பிறகு பிரசங்கம்.

"விடு. நீயே இப்ப பேரைச் சொல்லிக் கூப்பிடன். யாரு உன்னைத் தடுக்கப் போறது?" என்றேன்.

"கூப்பிடலாம் ராத்தா. நான் ஒருத்தி கூப்பிட்டா அது என்னோட செத்துப் போயிரும். அது ஒரு எடத்துல இருக்கணும். நாலு பேரு சொல்லணும்." தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தேன்.

மறுவருஷம் அந்தத் தோட்டத்துப் பெரியதுரை பங்களாவுக்கு ஒரு விருந்தாளி வந்தார். பெட்டி பெட்டியாகக் கண்ணாடிக் குழாய். ஓடை ஓடையாகப் போய்க் கல் பொறுக்குவார், அடுப்பில் வைத்துக் காய்ச்சுவார், இருட்டறையில் உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்ப்பார். தோட்டத்துச் சனம் அவருக்குக் கல்லுத்துரை என்று பேர் வைத்தது. கல் இருக்கும் இடம் தெரிந்தவர் என்று சிங்கராயரைக் கூடை தூக்கக் கொடுத்துவிட்டார்கள். கல்லுத்துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். பேச ஆள் இல்லாத மலையில் சிங்கராயரிடம் வாய் ஓயாமல் பேசினார். அதை அப்படியே சுமந்துவந்து எங்கள் கடையில் கொட்டுவார் சிங்கராயர். நானும் இருதயம்மாவும் சாக்குத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்போம்.

"ஒலகத்துல இருக்கிற மண்ணு, கல்லு, காத்து, மனுசன் எல்லாமே ஒரு எம்பது சாமான்ல செஞ்சதாம் நானா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. பேருக்கு அடையாளமா ஒண்ணோ ரெண்டோ எழுத்து."

"தங்கத்துக்கு?" என்றார் மர்ஸூக். வியாபாரி வேறு எதைக் கேட்பார்!

"அவுரும்னு பேராம். சாமியார் பூசை வைக்கிற பாசை. எழுத்து அதுல இருந்து எடுத்தது. வெள்ளிக்கு, ஈயத்துக்கு, இரும்புக்கு எல்லாம் அப்படித்தானாம்."

"வெள்ளைக்காரன் தங்கத்தை கோல்ட் என்டுதானே சொல்றான். எழுத்துக்கு மட்டும் உங்கட கோயிலுக்கு வந்தானாக்கும்."

சிங்கராயர் சிரித்துக்கொண்டே அடுக்கினார். ஒரு உலோகத்துக்குச் சுரங்கத்தில் வேலைசெய்கிறவர்களை ஏய்க்கும் குட்டிச்சாத்தானின் பேர். ஒரு காற்றுக்குச் சோம்பேறி என்று பேர், எதனோடும் சேர்ந்து வேலை செய்யாதாம். இன்னொன்றுக்கு அந்நியன் என்று பேர். கானில் கிடைக்கும் கறுப்புக் கல்லில் இருப்பது தோரியம், அது எங்கோ பனி தேசத்தில் இடி இடிக்கும் சாமியின் பேர். அந்தக் கல்லைக் காய்ச்சினால் உள்ளேயிருந்து ஒரு காற்று வருகிறது. அதற்கு ஹீலியம் என்று பேர், சூரியன் என்று அர்த்தம். முதலில் அதைச் சூரியனில்தான் கண்டார்களாம், வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து. பூமியில் அது இருக்கிறதென்று தெரிவதற்கு வெகுகாலம் முன்பே பேர் வைத்துவிட்டார்கள்.

"கையில கெடைக்க முந்தியே பேரா?" என்றாள் இருதயம்மா என் காதோடு.

"இன்னொண்ணு கேளுங்க நானா. ஒரு பொம்பள புதுசா ஒரு சாமான் கண்டுபிடிச்சாங்களாம். அவங்க பொறந்த தேசத்த அக்கம்பக்கத்து ராசாங்க பங்கு போட்டுக்கிட்டாங்க. இப்ப அப்படி ஒரு தேசமே இல்லையாம். அவங்க அந்தத் தேசத்துப் பேரத்தான் வச்சாங்களாம்."

இருதயம்மா கறிவேப்பிலையைக் கீழே வைத்துவிட்டாள். திரையை விலக்கி ஆண்கள் முன்னாலேயே போய் நின்றாள். "போனதுக்கும் வைக்கலாமா?" என்று கேட்டாள். சிங்கராயர் அவளைப் பார்த்தார். வைக்கலாம் போலிருக்கிறது என்றார்.

அடுத்த தடவை வந்தபோது சிங்கராயரின் குரலே வேறாக இருந்தது. கானில் கிடைத்த சின்னக் கறுப்புக் கல் ஒன்றைத் துரை காய்ச்சியிருக்கிறார். வந்த காற்றைக் குழாயில் அடைத்து மின்சாரம் விட்டு ஒளிரவைத்து, கண்ணாடிப் பட்டை வழியாகப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு காற்றுக்கும் அதற்கே உரிய நிறக்கோடுகள் உண்டாம். சூரியக் காற்றின் மஞ்சள் கோடு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடும் தெரிந்தது. அந்தப் பச்சைக் கோடு அவருடைய எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"புதுசா இருக்கும்ங்கிறாரு. பேரு இல்லாத காத்து. நெசம்தானான்னு இன்னொரு கல்லுலயும் பாக்கணுமாம். ஒருத்தர் ஒரு தடவ கண்டது கணக்குல வராதாம். ரெண்டாவது தடவையும் தெரிஞ்சா, கல்ல எடுத்தவன் நீ, பேர நீ சொல்லுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் மர்ஸூக்.

"ஆரோக்கியம்னேன்."

துரை விழுந்து விழுந்து சிரித்தாராம். ஹீலியம், தோரியம், ரேடியம் என்று எல்லாவற்றுக்கும் நாங்கள் 'இயம்' என்ற வாலை ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது, உன் பேர் வாலோடேயே பிறந்திருக்கிறது என்றாராம். பிறகு சிரிப்பை நிறுத்தி, யார் பேர் என்று கேட்டாராம். சிங்கராயர் சொன்னார். துரை சுண்ணாம்புக் கட்டியை எடுத்துப் பலகையில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினாராம். வீட்டுக் கூரை மாதிரிப் பெரிய எழுத்து ஒன்று, பக்கத்தில் கொக்கி மாதிரிச் சின்ன எழுத்து ஒன்று. சோம்பேறிக் காற்றுக்குக் கூரை மட்டும்தான், இந்தச் சோடியை இன்னும் எதற்கும் வைக்கவில்லை என்றாராம். உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்தாலும் இந்த இரண்டு எழுத்தைத்தான் எழுதுவார்கள் என்றாராம்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. துரைமார் பேச்சை நம்பி நான் உலையில் அரிசி போடமாட்டேன். ஆனால் இருதயம்மா நம்பினாள். லயத்தில் தங்கள் ஒற்றை அறைக் காம்பிராவின் சுவரில் அடுப்புக்கரியால் அந்தக் கூரையையும் கொக்கியையும் வரைந்து வைத்தாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் முன் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறாள் என்று சிங்கராயர் சொன்னார்.

பிறகு மழை பிடித்தது. கான் வெட்டிய சரிவு முழுவதும் ஒரே இரவில் சரிந்து இறங்கி ஓடையை மூடிவிட்டது. கல்லுத்துரை காத்துப் பார்த்தார். கப்பலுக்கு நாள் நெருங்கியதால் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு துரைமார் இறங்குகிற பதுளை வாடிவீட்டுக்கு வந்து தங்கினார். திங்கட்கிழமை வண்டியேறுகிறார். அதற்குள் ஒரு கறுப்புக் கல், அதே கானில் எடுத்தது, கிடைக்குமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் இருதயம்மா நனைந்துகொண்டு என் அடுப்படிக்கு வந்தாள். மடியை அவிழ்த்தாள். பிள்ளையின் தலைமாட்டில் இருந்த கல்.

"அடிப்பாவி, இதை ஏன் எடுத்தாய்? எடம் தெரியாமப் போயிடுமே!"

"ஒரு குச்சி நட்டு வச்சிருக்கேன் ராத்தா. கல்லு அந்த ஒரு எடத்துலதான கெடக்கும்? பேரு எல்லா எடத்துலயும் இருக்கும்." அவள் கைகளில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. சிங்கராயருக்கு அன்றைக்குப் பங்களாவில் வேலை. கூலிக்காரப் பெண்ணை வாடிவீட்டுக்குள் விடமாட்டார்கள். நாளைக்குக் காலையில் சிங்கராயர் வந்ததும் நானாதான் கூடப் போய்த் துரை கையில் சேர்க்க வேண்டும் என்றாள். இரவு எங்கள் வீட்டிலேயே தங்கினாள்.

மர்ஸூக் கல்லைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிற்று. மண் படிந்து, மங்கி, கரித்துண்டு மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கல்லை எடுத்த மேனிக்கு வாங்குகிறவன் கண்ணில் காட்டுவது மரியாதை இல்லை. சிவப்புக் கல்லில் நீலம் ஓடியிருந்தால் ஈரச் சுண்ணாம்பைக் கனமாகப் பூசி, சிரட்டைக்கரித் தணலில் புதைத்து, ஊதுகுழலால் ஊதிச் சுடுவார்கள். நீலம் போய்ச் சிவப்பு தெளிந்து வரும். மர்ஸூக்கின் வாப்பாவும் சுட்டவர், அவர் வாப்பாவும் சுட்டவர். நல்ல கல்லுக்குத்தான் அந்தப் பாடு படுவார்கள். சுமாரான கல்லை அப்படியே விற்றுத் தள்ளிவிடுவார்கள்.

"என்னங்க செய்யப் போறீங்க?" என்றேன், அவர் சுண்ணாம்பு குழைப்பதைப் பார்த்து.

"குமருப் பிள்ளையைக் குளிக்க வாக்காம மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவாங்களா? ஒரு பிள்ளைட பேர் இதுல ஈக்கு, ஸைனப். இந்த அழுக்கோட துரைட கையில குடுக்க ஏலாது." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இருதயம்மாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நானா தன் பிள்ளையின் கல்லுக்கு இவ்வளவு செய்கிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

நல்ல காசு தருகிற சிவப்புக் கல்லுக்குக்கூட அவர் அப்படி ஊதி நான் பார்த்ததில்லை. கன்னம் உப்பி, கண்ணில் நீர் வழிய, மாறி மாறிக் கரி போட்டு ஊதினார். தணல் வெள்ளையாகிவிட்டது. உள்ளே கல் கடுகு தாளிப்பது போலப் படபடவென்று பொரிந்தது. "கேட்டியா? அழுக்குப் போகுது," என்றார் சந்தோஷமாக. ஆறவைத்து எடுத்தபோது கல் கழுவிவிட்டாற்போலத் துலக்கமாக இருந்தது. இருதயம்மா அதைக் கையில் வாங்கி முத்தமிட்டாள்.

வாடிவீட்டில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மர்ஸூக்கும் சிங்கராயரும் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். துரை கல்லைக் கண்டதும் துள்ளியிருக்கிறார். நாற்காலி போட்டு மர்ஸூக்கை உட்காரச் சொல்லியிருக்கிறார். ஒரு மூலையை உடைத்துக் குழாயில் போட்டுக் காய்ச்சினார். காற்று வரவில்லை. இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு என்று சுத்தியலால் கல் முழுவதையும் உடைத்துவிட்டார். கடைசியில் மூச்சுவிடுகிற அளவுக்கு ஏதோ வந்தது. அதைக் குழாயில் ஒளிரவைத்துப் பார்த்தால் சூரியக் காற்றின் மஞ்சள் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்ததாம். பச்சைக் கோடு இல்லை.

கல்லின் மேலே ஒட்டியிருந்த சுண்ணாம்பை அப்போதுதான் கவனித்திருக்கிறார். "இதை நெருப்புல போட்டதா?"

"ஆமாங்க துரை. சும்மா இல்ல, மிச்சம் நல்லாச் சுட்டு எடுத்தது," என்றாராம் மர்ஸூக், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

துரை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாராம். எனக்குக் கல் வேண்டாம், கல்லுக்குள்ளே இருந்த காற்றுதான் வேண்டும், உன் நெருப்பில் அது எல்லாம் போய்விட்டது என்றாராம். சொல்லியிருக்கலாமே துரை என்று சிங்கராயர் கேட்டார். கல்லைப் போய் எவன் நெருப்பில் போடுவான் என்றாராம் அவர். இலங்கையில் கல் தொழில் செய்கிற அத்தனை பேரும் போடுவார்கள்! இது தெரியாமல் கல் பொறுக்கக் கப்பலேறி வந்துவிட்டார். உபதேசியாருக்கும் இவருக்கும் சட்டைதான் வேறு.

போன காற்று எங்கே போயிருக்கும் என்றும் சிங்கராயர் கேட்டிருக்கிறார். அது மேலே மேலே போய் ஆகாசத்தையும் தாண்டிப் போய்விடும், திரும்ப வராது என்றாராம் துரை.

நானும் இருதயம்மாவும் அடுப்படியில் காத்திருந்தோம். அவளுக்காக வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தேன். பின்வாசலில் காலடி கேட்டதும் எழுந்து நின்றாள். மர்ஸூக் உள்ளே வரவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிங்கராயர்தான் வந்து, "கல்லுல ஒண்ணும் இல்லையாம்," என்றார். பெரிய மனிதர், மர்ஸூக்கைக் காட்டிக்கொடுக்காமல் அந்த மட்டோடு விட்டுவிடப் பார்த்தார். மர்ஸூக் விடவில்லை.

"இருந்தது தங்கச்சி. நான்தான் சுட்டுட்டேன்," என்றார். நடந்தது எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொன்னார்.

அவள் கத்தியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். "நல்லதுக்குத்தான நானா செஞ்சீங்க," என்றாள். மர்ஸூக் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கல்ல மட்டும் திருப்பித் தந்துருவாங்களா?" என்று கேட்டாள்.

மர்ஸூக் மறுபடி வாடிவீட்டுக்கு ஓடினார். கழித்துப்போட்ட துண்டுகளைத் துரை ஒரு கடுதாசியில் மடித்துக் கொடுத்தாராம். ஒரு உள்ளங்கை அளவு, பயறு போலப் பொடிப்பொடியாக. அடுத்த நாள் துரை வண்டியேறிவிட்டார். மர்ஸூக் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ச் சிங்கராயரோடு சேர்ந்து சரிந்த மண்ணை நாள்கணக்கில் கிளறினார். தேயிலை கெடுகிறது என்று பெரியதுரை ஆளை விட்டு விரட்டினார். கறுப்பாக ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பார்க்க யார் இருக்கிறார்கள்? சில நாளில் லயங்களுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கூரையையும் கொக்கியையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். அதன் பிறகு மர்ஸூக் ஊதுகுழலைத் தொடவில்லை. சுட வேண்டிய கல்லை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். துண்டுகளைத் தலைமாட்டில் வைத்துவிட வேண்டும் என்றாள். ஹாலிஎலை வரை மாட்டு வண்டியில் போய், மேலே நடந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் கடுதாசிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

ஓடைக் கரையில் போய் நின்றோம். அந்த மாதம் தேயிலை கவ்வாத்து. செடிகளைக் குட்டையாக வெட்டிவிட்டு, வெட்டிய குச்சிகளை எல்லாம் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே கொட்டியிருந்தார்கள். கரை முழுவதும் குச்சி. படுத்தது, சாய்ந்தது, மண்ணில் குத்தி நிமிர்ந்து நின்றது. அவள் நட்டதும் ஒரு குச்சிதான். மேடு எப்போதோ கரைந்துவிட்டது.

அவள் ஒவ்வொரு குச்சியாக அசைத்துப் பார்த்தாள். இதுவா, அதுவா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் அடக்கத்துக்கு வந்தவள் இல்லை, எனக்கு என்ன தெரியும்? பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். நிமிர்ந்து நின்ற ஒரு குச்சியின் கீழே குனிந்து ஒரு துண்டை வைத்து, "ஆரோக்கியம்," என்றாள். அடுத்த குச்சியின் கீழே இன்னொன்றை வைத்து மறுபடியும், "ஆரோக்கியம்," என்றாள். அந்தப் பேரை அவள் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். கரை நெடுக அப்படியே குனிந்து குனிந்து போனாள். நானும் பின்னால் போனேன். கரை வளைகிற இடத்துக்குப் பாதி தூரம் இருக்கும்போதே கடுதாசி காலியாகிவிட்டது. அவள் அதை உதறிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு பிடி இருந்திருந்தா அந்தப் பக்கமும் வச்சிருக்கலாம் ராத்தா," என்றாள்.